அலெக்சாந்திரியாவும் கொல்லமும் கண்ட இப்னு பதூதா

பாலக்காட்டுக் கணவாயின் இருமருங்கும், தேவிகுளம் பீருமேட்டு மலைச்சரிவுகளிலும் குடியமர்ந்து வாழும் நம்மவர்க்கு மிளகுக்கொடி புதிய பொருளன்று. முற்றத்து முருங்கையிலும் பலாவிலும் படர்ந்து கிடக்கும் அக்கொடியை நாம் அன்றாடம் காண்கின்றோம். பழுத்த மணிகளைப் பறித்து, பாயில் பரப்பி, மழைமேகம் கண்டால் அள்ளிக்கொண்டு ஓடுவதும் நமக்குப் பழக்கமே. ஆனால் அந்தக் கருமணிகள் முற்காலத்தில் எங்கெல்லாம் சென்றன, எந்தத் துறைமுகத்து மக்கள் அவற்றை எதிர்நோக்கிக் காத்திருந்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வட ஆப்பிரிக்காவின் கடற்கரையில், எகிப்து நாட்டில், அலெக்சாந்திரியா என்னும் மாநகர் உள்ளது. சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய பண்டங்கள் செங்கடல் வழியாகச் சென்று, ஒட்டகங்களின் முதுகில் பாலைவனத்தைத் தாண்டி, நைல் நதிப் படகுகளில் மிதந்து, இறுதியில் அந்நகரின் கிடங்குகளில் இறங்கின. இது வெறும் ஊகமன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பெற்ற கடன் ஒப்பந்தம் ஒன்று இன்றும் வியன்னா நகரில் காக்கப்பட்டு வருகிறது. முசிறி என்ற பெயர் அதில் உள்ளது. சரக்கு ஏற்றி வந்த ஹெர்மாப்பொல்லோன் என்ற கப்பலின் பெயரும் உள்ளது. கோவை வட்டாரத்தில் உழுத நிலத்திலும் தோண்டிய மண்ணிலும் உரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்தமைக்கு, மேலைக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த நம் பாலக்காட்டுக் கணவாயே காரணம் என்று ஆய்வாளர் கூறுவர்.

அந்த அலெக்சாந்திரியாவைக் கண்ணாரக் கண்டு, பின்னர் நம் கோழிக்கோட்டையும் கொல்லத்தையும் கண்டு, இவை மூன்றும் உலகப் பெருந்துறைமுகங்களின் வரிசையில் ஒருங்கே வைக்கத்தக்கவை என்று எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அவர் மதுரையிலும் இருந்தார். அங்கே நடந்த கொடுமைகளைக் கண்ணால் கண்டார். நம் புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். இப்னு பதூதா என்ற அப்பெரும் யாத்திரிகரின் வரலாற்றையே இம்மலரில் நாம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் கைகோக்கும் இடத்தில், மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரம் இருக்கிறது. அந்நாட்டார் வாயில் அது தன்ஜா என வழங்கும். (நம் தஞ்சைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, பெயரொலியைக் கேட்டவுடன் உறவு கொண்டாடும் அன்பர்கள் மன்னிப்பார்களாக.) அந்நகரில் கி.பி. 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நீதிபதிகளையும் சமயச் சட்ட அறிஞர்களையும் தந்த குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், இருபத்தோராம் வயதில், மெக்காப் புனித யாத்திரை செய்யும் பொருட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயும் தந்தையும் அப்போது உயிரோடு இருந்தனர். துணைக்கு ஒருவரும் இலர். பெற்றோரைப் பிரியும் துயரம் தம்மை வாட்டியதைப் பல்லாண்டுகள் கழித்தும் அவர் மறவாது குறித்திருக்கின்றார். ஒன்றிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்றே எல்லாரும் எண்ணிப் புறப்படுகின்றனர். நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் தேயிலைக் காட்டுக்கு மலையேறியபோது அங்ஙனமே எண்ணினர். இப்னு பதூதா திரும்பி வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

வழியில் அவரைக் காய்ச்சல் பிடித்தது. உடன் வந்தவர் தங்கிச் செல்லுமாறு கூறியும் அவர் இணங்கவில்லை. இறப்பதாயின் மெக்காவை நோக்கிச் செல்லும் வழியிலேயே இறப்பேன் என்ற உறுதியுடன் சென்றார். உடல் தளர்ந்து விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். தூனிசு நகரை அடைந்தபோது ஊர்மக்கள் எதிர்கொண்டு வந்து, கூட்டத்தில் தத்தமக்கு அறிமுகமானவர்களை வரவேற்றுத் தழுவிக்கொண்டனர். இவரை வரவேற்க ஒருவரும் இல்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டார். யாரோ ஒரு யாத்திரிகர் அதைக் கவனித்து அருகில் வந்து ஆறுதல் கூறினார். புதிய ஊரில் பேருந்து நிலையத்திலோ புகைவண்டி நிலையத்திலோ முதன்முதல் தனித்து நின்ற நம்மவர்க்கு இவ்விடம் விளங்காமற் போகாது.

பத்து மாத நடைக்குப் பின், 1326ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் தொடக்கத்தில் அவர் அலெக்சாந்திரியாவை அடைந்தார். அவர் கண்ட முதற் பெருநகரங்களுள் அது ஒன்று. கண் அகலக் கண்டார் என்பது அவர்தம் வருணனையிலேயே புலனாகிறது. நகருக்கு நான்கு வாயில்கள் இருந்தன. மேற்குத் திசையிலிருந்து வருவோர்க்கு ஒன்று. ரசீத் நகருக்குச் செல்வோர்க்கு ஒன்று. கடலை நோக்கி ஒன்று. நான்காவதாகிய பசுமை வாயில், வெள்ளிக்கிழமைகளில் மக்கள் அடக்கத்தலங்களுக்குச் செல்லும்பொருட்டு மட்டுமே திறக்கப்பட்டது.

அந்நகரின் தலைசிறந்த சின்னம் கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கம் என்பது தமிழர் அறியாத பொருளன்று. கடலில் திசை தப்பிய கலங்களை அழைக்கும் விளக்கு எரிந்த உயர்ந்த மாடத்தைச் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை பேசுகின்றது. ஆனால் அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் பண்டை உலகின் ஏழு விந்தைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தாலமி மரபின் இரண்டாம் மன்னன் காலத்தில் நிறைவுற்ற அக்கட்டடம் ஏறக்குறைய 100 மீட்டர் உயரம் இருந்திருக்கும் என்று மதிப்பிடுவர். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் அது நின்றது. நிலநடுக்கங்கள் அதனைச் சிதைத்தன. இப்னு பதூதா பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1303இல் நேர்ந்த நடுக்கம் மிகப் பெரியது.

ஆகையால் அவர் கண்டது ஊனமுற்ற விளக்கம். அதன் ஒரு முகம் இடிந்து கிடந்தது. எஞ்சியது சதுர வடிவில் வானளாவ நின்றது. அதன் வாயில் தரைமட்டத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. வாயிலுக்கு நேரெதிரே அதே உயரத்தில் மற்றொரு கட்டடம். இரண்டுக்கும் இடையே மரப்பலகைகள். பலகைகளை எடுத்துவிட்டால் உள்ளே நுழைய வழியில்லை. பகைவர் வந்தால் என்செய்வது என்று எண்ணிக் கட்டிய அறிவை நாம் வியக்கின்றோம். இளைஞராகிய யாத்திரிகர் கட்டடத்தைச் சாணால் அளந்தார். உள்வழியின் அகலம் ஒன்பது சாண். சுவரின் பருமன் பத்துச் சாண். ஒவ்வொரு பக்கமும் நூற்று நாற்பது சாண். கையளவினால் அளந்த அக்கணக்கு, அக்கட்டடத்தைப் பற்றி ஆராய்வோர்க்கு இன்று கிடைக்கும் கடைசிச் சான்றுகளுள் ஒன்றாக நிற்கின்றது.

நகருக்கு வெளியே ஒற்றைக் கல்லாலாகிய நெடுந்தூண் ஒன்றையும் அவர் கண்டார். பேரீந்து மரங்களுக்கிடையே மரங்களையெல்லாம் மிஞ்சி அது நின்றது. மேலைநாட்டார் அதனைப் பாம்பேயின் தூண் என்று தவறாக அழைத்து வந்தனர். உண்மையில் தியோக்கிளிசியன் என்ற உரோமானியப் பேரரசனுக்காகக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது அது. அடிப்பீடமும் தலையும் சேர்ந்து ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். அதன் உச்சியில் வில்லாளி ஒருவன் ஏறி அமர்ந்த கதையை இப்னு பதூதா சுவைபடக் கூறுகின்றார். அம்பின் முனையில் நூலைக் கட்டித் தூணுக்கு மேலாக எய்து, நூலைக் கொண்டு கயிற்றை இழுத்து, கயிற்றைப் பற்றி அவன் மேலேறினானாம். ஏணி வைக்கும் வழியறியாத மக்கள் கீழே நின்று வாய்பிளந்து பார்த்தனராம். நம் ஊர்க் கழைக்கூத்தாடிகளுக்கு அச்செய்தி அன்று எட்டியிருந்தால் அவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

கட்டடங்களைவிட அந்நகரில் கண்ட ஒரு முதியவரே அவர்தம் வாழ்க்கையை மாற்றினார். புர்கானுத்தீன் என்ற அத்துறவி கால் ஊனமுற்றவர். இவரைக் கண்டவுடன், தூர தேசங்களைக் காணும் ஆசை உமக்கு உண்டு என்று கூறி, இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் உள்ள தம் சகோதரத் துறவிகளைக் கண்டு தம் வாழ்த்தைத் தெரிவிக்குமாறு பணித்தார். அதுவரை இந்தியா என்ற எண்ணமே இளைஞர்தம் உள்ளத்தில் இல்லை. மெக்காவுக்குச் சென்று திரும்ப எண்ணியவர் உலகெங்கும் செல்லும் யாத்திரிகரானது அந்தக் கூடத்தில்தான்.

இடைப்பட்ட ஆண்டுகளை நாம் விரைந்து கடப்போம். கெய்ரோ, தமாஸ்கு, மெக்கா, பாக்தாது, ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி நாடு, கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளிகள், கான்ஸ்டாண்டிநோபிள் ஆகியவற்றைக் கண்டு, 1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். டில்லியில் முகமது பின் துக்ளக் இவரை நீதிபதியாக நியமித்து ஆண்டுக்குப் பன்னீராயிரம் தினார் ஊதியம் வழங்கினான். நாட்டின் மொழி அறியாத நீதிபதி இரண்டு துணைவரை வைத்துக்கொண்டு வழக்குத் தீர்த்தார்! வாரி வழங்குவதிலும் கொன்று குவிப்பதிலும் ஈடற்ற அம்மன்னனிடம் எட்டாண்டுக்காலம் பிழைத்திருந்தமையே ஒரு சாதனை எனலாம். சினத்துக்காளான துறவி ஒருவரைக் கண்டுவந்த குற்றத்துக்காக இவரும் காவலில் வைக்கப்பட்டு, அத்துறவி கொல்லப்பட்ட பின் விடுதலையானார். பின்னர் அதே மன்னன் இவரைச் சீனப் பேரரசனிடம் தூதராக அனுப்பினான். அந்தத் தூதே இவரை நம் மலையாளக் கரைக்குக் கொண்டு வந்தது.

மலையாள நாட்டை அவர் வருணிக்கும் பகுதியைப் படிக்கும்போது நமக்கு நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் உணர்வு உண்டாகிறது. கடற்கரை நெடுக மரநிழல் படர்ந்த சாலை. அரை மைலுக்கு ஒரு மரச்சாவடி. சாவடிதோறும் திண்ணை, கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள். சாமான்கள் மனிதர் தோளில் சென்றன, பல்லக்குகள் உண்டு, குதிரை அரசனுக்கு மட்டுமே உரியது. திருட்டுக்குத் தண்டனை மிகக் கடுமை ஆகையால் வழியில் விழுந்த தேங்காயை எடுக்கவும் ஒருவர் துணியார் என்கின்றார். விழுந்த மாங்கனியை எடுத்த தன் மருமகனையே கொல்லத்து அரசன் இரு கூறாக வெட்டுவித்து, கனியையும் இரு கூறாக்கி இரு புறமும் வைப்பித்தான் என்ற கதையும் அதில் உண்டு. யாத்திரிகரிடம் ஊரார் சொன்ன கதை அது, அவ்வளவே கொள்ளத்தக்கது.

மிளகைப் பற்றி அவர் கூறுவதோ முற்றிலும் உண்மை. அது திராட்சை போன்ற கொடி என்றும், தென்னையின் அருகே நட்டுப் படரவிடுவர் என்றும், பறித்த மணிகளைப் பாயில் பரப்பி வெயிலில் கறுக்கும்வரை உலர்த்துவர் என்றும் கூறுகின்றார். தம் நாட்டார் மிளகை நெருப்பில் வறுத்ததனால்தான் அது சுருங்கியது என்று நம்புகின்றனர். அது பிழை, சுருக்கியது கதிரவனே என்று திருத்துகின்றார். தம் நாட்டில் மணிமணியாகப் போற்றப்படும் அப்பொருள் கோழிக்கோட்டில் சோளம்போல் மரக்காலால் அளந்து கொட்டப்படுவதைக் கண்டு அவர் அடைந்த வியப்பை நாம் உணரலாம்.

கோழிக்கோட்டுத் துறையில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன. பெரிய கப்பல் ஒன்றில் ஆயிரம் பேர் பணிபுரிந்தனர். சாமூதிரியின் துறையில் கப்பல் உடைந்தால் சரக்கு உரியவர்க்கே சேரும். பிற துறைகளில் அரசன் எடுத்துக்கொள்வான். இந்நீதியே வணிகரை அங்கு ஈர்த்தது என்று குறிப்பிடுகின்றார். மூன்று மாதம் காத்திருந்தபின் தூதுப் பொருள்கள் யாவும் கப்பலேறின. ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கிய வேளையில் புயல் எழுந்தது. பரிசுப் பொருள் ஏற்றிய பெருங்கப்பல் மோதிச் சிதறியது. உடன் வந்த தூதர் இறந்து கரையொதுங்கினர். அவருடைய சொந்த உடைமைகளும் பணிப்பெண்களும் இருந்த மற்றொரு கப்பல் பாய் விரித்துப் போயே போயிற்று. டில்லியிலிருந்து ஆயிரம் குதிரை வீரர் புடைசூழப் புறப்பட்டவரிடம் பத்துத் தினாரும் ஒரு விரிப்பும் எஞ்சின.

போன கப்பல் கொல்லத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையில், கூலியாள் ஒருவன் விரிப்பைச் சுமக்க, உப்பங்கழி வழியே பத்து நாள் படகில் சென்றார். கூலியாளோ கரைக்குக் கரை கள்ளுக் குடித்துச் சண்டையிட்டான். கொல்லம் மலையாளக் கரையின் அழகிய நகரங்களுள் ஒன்று. அங்குள்ள சூலியர் என்னும் வணிகர், கப்பலையும் சரக்கையும் சேர்த்தே ஒருவராக விலைக்கு வாங்கும் செல்வமுடையோர் என்று எழுதினார். அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்கு இணையாகக் கொல்லத்தையும் கோழிக்கோட்டையும் அவர் வைத்தது இக்காட்சிகளை மனத்திற் கொண்டே. கப்பல் வந்தபாடில்லை. அது சுமத்திராக் கரையில் சிறைப்பட்டதும், அவருடைய கருவைச் சுமந்திருந்த பணிப்பெண் இறந்ததும் பின்னரே அவருக்குத் தெரியவந்தன.

டில்லிக்குத் திரும்பத் துணிவின்றி மாலத்தீவுக்குச் சென்று அங்கே நீதிபதியாக இருந்தார். நான்கு மனைவியரை மணந்தார். அங்குள்ள அமைச்சரோடு பகைத்துக்கொண்டு வெளியேறினார். ஈழத்தில் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி இவரை வரவேற்று, பாரசீக மொழியில் உரையாடி, முத்துகள் தந்து, பல்லக்கும் துணையாள்களும் ஈந்து பாவா ஆதம் மலைக்கு அனுப்பினான். தமிழ் மன்னன் ஒருவன் பாரசீகம் பேசினான் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். முத்து வாணிகம் அரசனையும் மொழி பயில வைத்தது.

அங்கிருந்து பாண்டி நாட்டுக் கரை நோக்கி வருகையில் கப்பல் தரைதட்டியது. பெண்களையும் தோழரையும் மிதவையில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார். விடிந்ததும் கரையூர்த் தமிழ் மக்கள் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர். அப்போது மதுரையை ஆண்டவன் கியாசுத்தீன் தாமகானி. டில்லியின் ஆளுநராக இருந்து சுமார் 1335இல் தனியரசு கண்ட சலாலுத்தீன் அசன் ஷாவின் மருமகன் அவன். அசன் ஷாவின் மற்றொரு மகளை இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்தார். ஆகவே இருவரும் சகலைகள். சுல்தானின் அவையில் காலணியின்றி நுழைதல் ஆகாது. இவரிடம் காலணி இல்லை. சுற்றிலும் தம் சமயத்தார் பலர் இருந்தும், காலணி தந்தவர் ஓர் இந்து. பெயர் அறியாத அவ்வள்ளலின் பெருந்தன்மையை அவர் வியந்து எழுதி வைத்திருக்கின்றார்.

இனி வருவன எழுதக் கை நடுங்கும் செய்திகள். காட்டில் ஒளிந்திருந்த ஊர்மக்களைப் படைவீரர் பிடித்தனர். கூர்மரங்களைத் தீட்டி அவர்கள் தோளிலேயே சுமத்தினர். மறுநாட் காலை அக்கழுமரங்களிலேயே அவர்களை ஏற்றினர். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. ஒருநாள் சுல்தானோடு உணவருந்துகையில் ஒரு குடியானவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டு வந்தனர். நடந்ததைக் காண மாட்டாமல் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தகைய கொடுமையை வேறெந்த மன்னனிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தம் நூலில் அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டு, இரண்டு வார காலப் போர்நிறுத்தத்தை நம்பி அயர்ந்திருந்த வேளையில் தாக்கப்பட்டு, எண்பது வயது கடந்த நிலையில் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இப்னு பதூதா தம் கண்ணால் கண்டார். மதுரை சுல்தான்களின் ஆட்சியை உள்ளிருந்து கண்டு எழுதியவர் இவர் ஒருவரே. சுல்தானின் உறவினராகவும் விருந்தினராகவும் இருந்தவர் எழுதியதனாலேயே அச்சாட்சியத்துக்கு வலிமை மிகுதி.

ஆயினும் அவரை நாம் அறவோர் என்று ஏத்த முற்படவில்லை. அதே சுல்தானிடம், தம்மோடு பகைத்த மாலத்தீவின்மேல் படையெடுக்குமாறு தூண்டியவரும் இவரே. சுல்தானும் இசைந்து மரக்கலங்களை ஆயத்தம் செய்யக் கட்டளையிட்டான். மாலத்தீவு பிழைத்தது மதுரையில் பரவிய கொள்ளைநோயினால். இரண்டு மூன்று நாளில் மனிதர் மாண்டனர். நோயற்றவள் என்று உறுதி கூறி விற்கப்பட்ட அடிமைப் பெண்ணை இவர் வாங்கினார்; மறுநாளே அவள் இறந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர், சுல்தானும் மாண்டான். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அப்போது ஒரு பெருமளவு புளியை நீரில் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போயிற்று, காய்ச்சல் விட்டது. மருத்துவ நூலார் இதனை ஏற்பர் என நாம் கூறவில்லை. புதிய சுல்தான் இருக்கச் சொல்லியும் இராமல், பட்டணத் துறையிலிருந்து கப்பலேறி மீண்டும் கொல்லம் சேர்ந்தார். மதுரையிலிருந்து மலைவழியே நடந்திருப்பாராயின் நம் ஊர்களும் அந்நூலில் இடம்பெற்றிருக்கும்; கடல்வழி சென்றதனால் நமக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

கொல்லத்திலிருந்து வடக்கே செல்லுகையில் கடற்கொள்ளையர் பன்னிரண்டு மரக்கலங்களில் வந்து வளைத்தனர். ஈழத்து முத்தும் மணியும் உடையும் பறிபோயின. காற்சட்டையோடு கோழிக்கோட்டில் இறங்கிப் பள்ளிவாசலில் அடைக்கலம் புகுந்தார். பின்னர் மாலத்தீவுக்குச் சென்று, தாம் விட்டுவந்த இரண்டு வயது மகனைக் கண்டார். உடன் அழைத்துச் செல்ல எண்ணி, பின் மனம் மாறித் தாயிடமே விட்டுத் திரும்பினார். அப்பிள்ளையைப் பற்றி அதன்பின் செய்தியில்லை. அசன் ஷாவின் மகளாகிய மனைவியையும், அவள் வயிற்றில் பிறந்த பெண்ணையும் பற்றி, இறைவன் அவர்களை என் செய்தானோ அறியேன் என்ற கருத்துப்பட ஒரே வரியில் முடித்துவிட்டார். ஊர்தோறும் மணந்து ஊர்தோறும் துறந்த இச்செயலை அக்கால வழக்கம் என்று சிலர் அமைதி கூறுவர். வழக்கமாயினும், அக்குழந்தைகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்திருப்பர் அல்லவா?

வங்காளம், சுமத்திரா, சீனம் ஆகியவற்றுக்குச் சென்றதாக அவர் கூறுவனவற்றுள் சீனப்பகுதியை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். அதனை விடுத்து, 1348ஆம் ஆண்டு தமாஸ்கு நகருக்கு அவர் திரும்பியதைக் காண்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் கருவுற்ற மனைவியை விட்டுச் சென்றிருந்தார். மகன் பிறந்தான் என்ற செய்தி இந்தியாவில் கிடைத்தபோது, மாமனாருக்கு நாற்பது பொன் அனுப்பினார். மணியார்டர் இல்லாத காலத்து மணியார்டர் அது. இப்போது நகரில் நுழைந்ததும் முதலிற் கேட்டது அந்த மகனைப் பற்றியே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவன் இறந்துவிட்டான் என்றனர். ஊரார் ஒருவரைத் தேடிச் சென்று தாஞ்சியரைப் பற்றிக் கேட்டார். தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின, தாய் உயிரோடிருக்கின்றாள் என்று அவர் கூறினார்.

அவ்வாண்டில்தான் கருஞ்சாவு எனப்படும் பெருங்கொள்ளைநோய் அந்நாடுகளில் பரவியது. தமாஸ்குவில் முசுலிம்களும் யூதரும் கிறித்தவரும் ஒன்றாகத் தெருவில் நடந்து இறைவனை வேண்டினர். அலெக்சாந்திரியாவில் ஒரு நாளில் 1,080 பேர்வரை மாண்டதாகக் கேட்டு எழுதினார். 1349இல் அந்நகரின் கலங்கரை விளக்கத்தை மீண்டும் காணச் சென்றார். இருபத்திரண்டு வயது இளைஞராக ஒருமுறை பலகைமேல் நடந்து உள்ளே சென்று சாணால் அளந்த கட்டடம், இப்போது வாயிலருகேகூட ஏற முடியாதபடி இடிந்து கிடந்தது. பழையதற்கு எதிரே புதிய விளக்கம் ஒன்றை எழுப்பத் தொடங்கிய எகிப்திய மன்னன் அதனை முடிக்குமுன் இறந்துவிட்டான்.

அதன்பின் அவர் தாமதியாமல் வீட்டை நோக்கிச் சென்றார். மொராக்கோவுக்குள் நுழைந்து தாசா என்ற ஊரை அடைந்தபோது, தாய் கொள்ளைநோயில் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. 1349ஆம் ஆண்டு நவம்பரில் பேசு நகரில் மன்னனைக் கண்டு, பின் தாஞ்சியர் சென்று தாயின் அடக்கத்தலத்தை வழிபட்டார்.

அதன் பிறகும் கால் ஓயவில்லை. இசுப்பானியத்தின் கிரனாதாவைக் கண்டார். சகாராப் பாலைவனம் கடந்து மாலி நாடு சென்று வந்தார். இறுதியில் மன்னன் அபு இனான் ஆணைப்படி பேசு நகரில் அமர்ந்து தம் யாத்திரை முழுவதையும் சொல்ல, இப்னு சுசை என்ற புலவர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் சொல்லி முடித்தார். குறிப்பேடுகள் பல கொள்ளையரிடம் பறிபோயிருந்தமையால் பெரும்பகுதி நினைவிலிருந்தே வந்தது. புலவரோ சில இடங்களில் இப்னு சுபைர் என்ற முந்திய யாத்திரிகரின் வருணனையை எடுத்துச் சேர்த்துவிட்டார். ஆண்டுக் கணக்கில் குழப்பங்கள் உள்ளன. ஆயினும் நாம் நன்கறிந்த மிளகையும் உப்பங்கழியையும் பற்றி அவர் கூறுவன பிழைபடாதிருத்தலைக் காணும்போது, நாம் அறியாதவற்றிலும் அவர்மேல் ஓரளவு நம்பிக்கை பிறக்கின்றது.

அரண்மனையில் பலர் அவரைப் பொய்யர் என்றே பேசினர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் ஐயங்கொண்டு அமைச்சர் ஒருவரிடம் வினவினார். அமைச்சர் ஒரு கதை சொன்னார். சிறையில் தந்தையோடு வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று கேட்டானாம். ஆடு என்று தந்தை கூறி அதன் வடிவை விளக்க, எலி போன்றதா என்று மகன் கேட்டானாம். சிறையில் அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. தாம் காணாதது என்பதற்காக ஒன்றை மறுத்துவிடலாகாது என்பது அமைச்சரின் கருத்து.

இப்னு பதூதா மொராக்கோவில் ஓர் ஊரின் நீதிபதியாக இறுதிக் காலத்தைக் கழித்து, 1368 அல்லது 1369இல் மறைந்தார் என்பது பலர் துணிபு. அவர் சென்ற தொலைவு 1,00,000 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிடுவர். அவர்தம் நூல் பல நூற்றாண்டுகள் மேலைநாட்டார் அறியாமல் கிடந்தது. அல்சீரியாவில் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த கையெழுத்துப் படிகளைக் கொண்டு, 1853 முதல் 1858 வரை பாரிசில் நான்கு பகுதிகளாக அது அச்சேறியது. அதன் பின்னரே மதுரை சுல்தான்களின் வரலாறு நமக்கு விளங்கலாயிற்று.

வாய்ப்புடைய அன்பர் அலெக்சாந்திரியாவுக்குச் செல்வாராயின், விளக்கம் நின்ற இடத்தில் காயித்பாய் என்ற சுல்தான் 1477இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காணலாம். விளக்கத்தின் இடிபாட்டுக் கற்கள் அதில் பயன்பட்டன. அருகே கடலடியில் கிடந்த பெருங்கற்களையும் சிலைகளையும் 1994 முதல் மூழ்காளர் ஆராய்ந்தனர். தியோக்கிளிசியனின் தூண் இன்றும் நிற்கின்றது. தாஞ்சியரின் பழைய நகரத்துக் குறுகிய சந்து ஒன்றில் சிறு கட்டடத்தை இப்னு பதூதாவின் அடக்கத்தலம் என்று காட்டுவர். அங்கு இருப்பவர் அவர்தாமா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. அந்நகரின் விமான நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர். பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் மொராக்கோ மக்கள் அங்கிருந்தே புறப்படுகின்றனர். அவர்களை வழியனுப்பக் குடும்பத்தார் வாயிலில் நிற்கின்றனர்.